எட்டாவது லாக்கு

எங்கள் மெக்கானிக் சங்கத்துச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "இப்ப வர்ற பேட்டரி வண்டில பின்னாடி அச்சுலயே மோட்டார வெச்சிடறான்ணே. ஷாஃப்ட்டும் இல்ல, கிராஸும் இல்ல, கியர் ஆயிலு ஊத்துற பேஜாரும் இல்ல. நீங்கள்லாம் இன்னா பாடுபட்டீங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும்" என்றார். பாடுபட்டதை எழுத ஆரம்பித்தால் மலர் தாங்காது, பயந்ததை வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் மனைவி சரோஜாவுக்குப் புரிந்தது. உள்ளே இருந்து சிரித்தாள்.

நான் பயந்தாங்கொள்ளி. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வருவேன். "ஊரு வண்டியெல்லாம் ரிப்பேரு பண்ணாரு, இவர ரிப்பேரு பண்ணத்தான் ஆளில்ல" என்று சரோஜா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். ஆனால் இந்த வியாதி எனக்குப் பிறவியில் வந்ததில்லை. ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு வந்தது.

தொழில் கற்ற கதையைச் சுருக்கிக்கொள்கிறேன். பத்தாவது ஃபெயில். மாமா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் செங்கல்பட்டில் கன்னியப்பன் மேஸ்திரியின் வொர்க்‌ஷாப்பில் விட்டார். மூன்று வருஷம் டயர், அப்புறம் பிரேக், அப்புறம் கிளட்ச், கியர் பாக்ஸ். வேறு இடத்துக்குப் போகவே இல்லை.

மேஸ்திரி கத்தமாட்டார். கத்தினால்கூடத் தேவலை என்று இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பார். "எத்தினி?" எத்தனை போல்ட் கழற்றினாய், எத்தனை வாஷர் இருந்தது, எத்தனை திரும்பப் போட்டாய், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கும். கழற்றுகிற சாமானைக் கோணிப்பை மேல் கழற்றின வரிசையிலேயே வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் பழைய சாமானை எல்லாம் ஒரு கவரில் போட்டு, வாயைக் கம்பியால் கட்டி, வண்டிக்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவன் வழியில் தூக்கி எறிந்தாலும் சரி. புதுசு போட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. செங்கல்பட்டில் பாதி வொர்க்‌ஷாப்பில் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் எங்கள் மேஸ்திரி அதில் சாமி சத்தியம் மாதிரி. இந்த நல்ல பழக்கம்தான் அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது.

தேசிங்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். பிக்கப் வண்டி வைத்திருந்தான். விடியற்காலை படகில் இறங்குகிற மீனையும், அதை விற்கிற பத்துப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு வருவான். வியாபாரம் முடிந்ததும் காலிக் கூடைகளோடு அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவான். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி தப்பு, தெரியும். அவனுக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு காலை வண்டியோடும் பத்துப் பேரோடும் வொர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டான். "கிளச்ச விட்டா அடில டக்குனு ஒரு அடி வுழுது அண்ணாத்த. அறுபதுல போனா சீட்டு நடுங்குது." கேட்டவுடனே தெரிந்துவிட்டது. மீன் பெட்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சொட்டி நேராக ஷாஃப்ட் மேல் விழும். மற்ற வண்டிகளில் வருஷக்கணக்கில் ஓடுகிற கிராஸ், மீன் வண்டியில் பாதிக் காலம் வராது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷாஃப்ட் என்பது கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய். அதன் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஓர் இரும்பு இருக்கும். அதுதான் கிராஸ். சிலுவையின் நாலு கைக்கும் நாலு கப்பு. கப்புக்குள் வட்டமாகத் தீக்குச்சி கனத்தில் ஊசிகள். கப்பு வெளியே நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் கம்பி வளையம். அதை லாக்கு என்போம். இரண்டு கிராஸ், எட்டுக் கப்பு, எட்டு லாக்கு.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். பின்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தினேன். கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் அது சேருகிற முகத்திலும் உளியால் ஒரு கோடு. திரும்பப் பூட்டும்போது கோட்டோடு கோடு சேராவிட்டால் புது கிராஸ் போட்டும் வண்டி ஆடும். பின்முனை போல்ட்டைக் கழற்றினேன். "எத்தினி?" என்றார் மேஸ்திரி. "நாலு." போய்விட்டார். முன்முனையைக் கியர் பாக்ஸிலிருந்து உருவினால் கூடவே ஆயிலும் கொட்டும். துளையில் பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டியும் நிறையவே சட்டியில் விழுந்தது. ஷாஃப்ட்டை மேஜையில் பூட்டிய வைஸ் என்கிற பிடிப்பானில் பிடித்து, லாக்கைப் பிடுங்கி, சின்ன சாக்கெட் குழலை ஒரு பக்கம் வைத்துத் தட்டி, எதிர்ப்பக்கத்துப் பெரிய சாக்கெட்டுக்குள் கப்பை விழவைத்தேன். உள்ளே ஊசிகளா இருந்தன? துருப்பொடிதான் இருந்தது.

பத்துப் பெண்களும் எதிர்ப்பக்கத்துப் புங்கமர நிழலில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் குப்பத்து அம்மனுக்குக் கூழ். அவர்களில் மூத்தவள் லோகம்மா. முதல் சட்டிக் கூழைத் தலையில் சுமந்துபோய் ஊற்றுவது வருஷா வருஷம் அவள்தான். காலையில் மார்க்கெட், மத்தியானம் அம்மன் என்று கணக்குப் போட்டு வந்தவள், குட்டி போட்ட பூனை மாதிரி வொர்க்‌ஷாப்புக்கும் மரத்தடிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, வண்டிக்கு வைத்தியம் பாக்கிறியா, இல்ல புதுசா ஒரு வண்டியப் பெத்துகினு கீறியா? மூணு மணிக்குக் கூழு ஊத்திடுவாங்க."

"தோ ஆச்சும்மா."

"இதத்தான் பத்து மணிலேருந்து சொல்லிகினு கீற!"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கை வேகமாகப் போனது. புதுக் கப்பில் கிரீஸைத் திணித்து ஊசிகளை நிற்கவைத்தேன். ஓர் ஊசி படுத்துவிட்டாலும் கப்பு முழுசாக உள்ளே போகாது, லாக்கு அதன் பள்ளத்தில் உட்காராது. ஒவ்வொரு லாக்கையும் போட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளிச் சுற்ற வேண்டும். பள்ளத்துக்குள் சுற்றினால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வேலைக்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். செய்ததே எனக்கு மறந்துபோய்விட்டது. ஞாபகம் வந்த இடத்தில் சொல்கிறேன்.

ஷாஃப்ட்டை ஏற்றினேன். ஜாக்கியை இறக்கி நாலு சக்கரமும் தரையில் நிற்கவைத்தேன். வண்டி சாய்ந்து நிற்கும்போது ஆயில் ஊற்றினால் அளவு பொய் சொல்லும். கியர் பாக்ஸ் பக்கவாட்டில் ஆயில் ஊற்றுகிற துளை, அதற்கு ஒரு திருகு மூடி. பிளக்கு என்போம். அதைக் கழற்றி, டியூப் போட்டு ஊற்றினேன். விளிம்பில் வழிந்து நின்றதும் விரலை விட்டுப் பார்த்தேன். நுனி நனைந்தது, சரி. பிளக்கைப் போட்டேன், சுற்றிலும் துணியால் துடைத்தேன். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். "எத்தினி?" என்று கேட்க ஆளில்லை.

"ஆச்சா?" என்றாள் லோகம்மா. "ஆச்சு, ஏறுங்க" என்றேன். வாய் மூடுவதற்குள் பத்துப் பேரும் ஏறிவிட்டார்கள். பழைய சாமான் கவரைத் தேசிங்கு கையில் திணித்தேன். வண்டி கிளம்பியது. டக் சத்தம் இல்லை. எனக்கே என் மேல் ஒரு பெருமை.

அரை மணி கழித்து வைஸுக்குக் கீழே பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதோ சிணுங்கியது. குனிந்து எடுத்தேன். லாக்கு. கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி.

 புது கிராஸோடு எட்டு லாக்குதான் வந்தது, எட்டும் வண்டியில் இருக்க வேண்டும். ஒன்று என் கையில் இருந்தால் வண்டியில் ஏழு. லாக்கு இல்லாத கப்பு ஓட ஓட வெளியே நகரும். கழன்றுவிட்டால் ஷாஃப்ட்டின் முன்முனை தரையில் குத்தும். ஓடுகிற வண்டி அந்தக் குழாய் மேல் எகிறிக் கவிழும். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லாமல் பத்துப் பொம்பளைகள். ஐயோ, பழைய லாக்கையாவது எண்ணிப் பார்க்கலாம் என்றால் அதையும் மூட்டை கட்டி வண்டிக்காரனிடமே கொடுத்தாயிற்று.

தேசிங்குக்கு போன் போட்டேன். வொர்க்‌ஷாப் ஜன்னலில் மணி அடித்தது. சார்ஜில் போட்டவன் மறந்துவிட்டுப் போயிருந்தான்.

அப்போது மேஸ்திரி உள்ளே வந்தார். நான் கையை நீட்டினேன். பார்த்தார்.

"எத்தினி போட்ட?"

"எட்டு, மேஸ்திரி."

"எண்ணினியா?"

"எட்டும் போட்டேன் மேஸ்திரி, எனக்கு நல்லா…"

"போட்டியான்னு கேக்கல. எண்ணினியான்னு கேட்டேன்."

மேஸ்திரி தன் டூவீலர் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் அன்றைக்கு ஓட்டின மாதிரி அதற்குப் பிறகு நான் ஓட்டினதே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது சத்தியம். ஓரமாக நாலு பேர் நின்றால் விபத்து. தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவர்களுக்குத்தான். ஒரு வளைவில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் போட்டு ஓடினேன். இளநீர்க் கடையில் கூட்டம். கடைக்காரர் சீவட்டுமா என்றார். ஒவ்வொரு வேகத்தடையிலும் கப்பு வந்து விழுந்திருக்கிறதா என்று தரையைத் தேடினேன். தரையில் ஆயில் சொட்டுகள் இருந்தன. எந்த லாரியோ என்று நினைத்துக்கொண்டேன். லோகம்மாவின் முகம்தான் மாறி மாறி வந்தது. வேண்டாத தெய்வமில்லை.

திருக்கழுக்குன்றத்தில் கடைத்தெரு ஓரமாக வண்டி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் இறங்கி அம்மனுக்கு எலுமிச்சம்பழமும் பூவும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உயிரோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னா அண்ணாத்த, இவ்ளோ தூரம்?" என்றான் தேசிங்கு.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "போன மறந்துட்டு வந்துட்ட" என்று அவன் போனை நீட்டினேன். "வந்தது வந்தேன், அடில ஒருவாட்டி பாத்துர்றேன்." சொல்லிக்கொண்டே தார் ரோட்டில் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தேன்.

"போனு குடுக்க வந்தவன் இன்னாத்துக்குடி ரோட்டுல படுக்கிறான்?" என்று லோகம்மா கேட்பது காதில் விழுந்தது.

விரலால் தடவித் தடவி எண்ணினேன். பின் கிராஸில் நாலு. முன் கிராஸில் ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கப்பின் மேல் விரல் போனது. வளையம் இருந்தது! எட்டிப் பார்த்தேன். மற்ற ஏழும் கறுப்பு, இது பழுப்பு. பழைய லாக்கு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. லோகம்மா அவசரப்படுத்தின நேரத்தில் புது லாக்கு ஒன்று இடுக்கியிலிருந்து எகிறி எங்கேயோ விழுந்தது. தேட நேரமில்லாமல் பழையதில் நன்றாக இருந்த ஒன்றைத் துடைத்துப் போட்டேன். பள்ளத்துக்குள் அதைச் சுற்றியும் பார்த்தேன். கெட்டியாகத்தான் உட்கார்ந்திருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்ல! எல்லாம் கெட்டியா கீது, கெளம்பலாம்!" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

வெளியே சிரிப்பு. என் தலைக்கு மேல் பலகை தம் தம்மென்று அதிர்ந்தது, ஒவ்வொருத்தியாக ஏறுகிறார்கள். நான் நகர்ந்து வெளியே வரப் போனேன். கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது. தொட்டு மோந்தேன். கியர் ஆயில்.

பார்த்தேன். பிளக்கு பாதி வெளியே நின்றது. கியர் பாக்ஸின் அடி முழுக்க நனைந்து பளபளத்தது. பிளக்கை இரண்டு விரலால் தொட்டேன், சுற்றியது. கையால் போட்டதோடு விட்டிருக்கிறேன். ஸ்பேனர் எடுக்கத் திரும்பினபோதுதான் 'ஆச்சா' என்று கேட்டாள், நான் 'ஆச்சு' என்றேன். இறுக்கின பிறகு துடைப்பதுதான் என் வழக்கம். துடைத்தது ஞாபகம் இருந்ததால், இறுக்கினதாகவே மனசில் பதிந்துவிட்டது. வழியெல்லாம் லாக்கை நினைத்து நடுங்கினேனே, பிளக்கைப் பற்றி ஒரு நொடி நினைக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் இறுக்கினேன் என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருப்பேன்.

அங்கேயே கிடந்தேன். பாவி மனசு என்ன சொன்னது தெரியுமா? ஸ்பேனர் பையில் இருக்கிறது, சத்தமில்லாமல் இறுக்கிவிடு. இன்னும் பதினைந்து கிலோமீட்டர்தானே. நாளைக்கு வரச்சொல்லி ஆயில் ஊற்றிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்று வேறு கத்தியாயிற்று. ஆனால் உள்ளே எவ்வளவு ஆயில் மிச்சம் என்று எனக்குத் தெரியாது. காய்ந்த கியர் பாக்ஸ் எந்த நிமிஷம் இறுகும், பின் சக்கரம் எங்கே பூட்டிக்கொள்ளும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. தேசிங்கு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தேசிங்கு! எடுக்காத! எல்லாரையும் எறக்கு!"

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். லாக்கு விஷயம், போன் சாக்கு, பிளக்கு, எல்லாம். தேசிங்கு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "இதே மாதிரி போயிருந்தா வூடு போய் சேந்திருப்பமா?" என்றான்.

"தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது தேசிங்கு."

லோகம்மா என் முன்னால் வந்து நின்றாள். "கெட்டியா கீதுன்னு இப்பதானய்யா கத்துன?" என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

பக்கத்துக் கடையில் ஆயில் வாங்கினேன். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது.  விளிம்பு தட்டியதும் தேசிங்கையும் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். பிளக்கை ஸ்பேனரால் இறுக்கினேன், அவனையும் ஒருமுறை இறுக்கச் சொன்னேன். "ஏறுங்கம்மா" என்றேன்.

ஒருத்தியும் ஏறவில்லை.

மாமல்லபுரம் போகிற பஸ் ஒன்று வந்தது. கூடைகளோடு ஓடினார்கள். கண்டக்டர் படியிலேயே மறித்துக்கொண்டு, "மீன் கூடையெல்லாம் ஏத்த முடியாது, நவுருங்க" என்றார். காலிக் கூடைதான் என்று ஒருத்தி கவிழ்த்துக் காட்டினாள். விசில் அடித்தது. பஸ் போய்விட்டது. மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

லோகம்மா திரும்பி நடந்து வந்தாள். தேசிங்கின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. நீ ஓட்டுனா ஏறுறோம்."

மேஸ்திரியின் டூவீலரை ஆயில் கடை வாசலில் விட்டுவிட்டு ஏறினேன். பழுது பார்த்த வண்டியை நான் எத்தனையோ ஓட்டிப் பார்த்திருக்கிறேன், எப்போதும் தனியாகத்தான். அன்றைக்குப் பின்னால் ஒன்பது பேர், பக்கத்தில் தேசிங்கும் லோகம்மாவும். இருபத்தைந்துக்கு மேல் முள் ஏறவில்லை. பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் மூச்சை நிறுத்திக் கேட்டேன். காலையிலிருந்து வாய் ஓயாமல் சிரித்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணாடியில் தெரிந்தது. ஸ்டீயரிங்கில் என் கை நடுங்கியது. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

குப்பத்துக்குள் நுழையும்போது பம்பைச் சத்தம் ஓய்ந்திருந்தது. கூழ் ஊற்றியாகிவிட்டது. முதல் சட்டி வேறு யார் தலையிலோ போயிருக்கிறது. எல்லோரும் இறங்கிக் கோயில் பக்கம் ஓடினார்கள். லோகம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிக்கம்மா" என்றேன். "ஒன் சட்டிய என்னால…"

"சட்டி அடுத்த வருசம் தூக்குவேன், உசுரு இருந்தா." என் கையைப் பார்த்தாள். "பயந்துகினே ஓட்டுன. நானும் பாத்துகினுதான் வந்தேன். எங்கள வேற எவன் ஏத்துறான், சொல்லு? நாளைக்கும் இதுலதான் ஏறணும். ஒனக்கு அந்த பயம் கீதுன்னா நாங்க தூங்கிகினு போவோம்."

இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலை பத்துப் பேரும் மீன் பெட்டியில் சாய்ந்து செங்கல்பட்டு வரைக்கும் நல்ல தூக்கமாம். தேசிங்கு சொன்னான். அவர்கள் தூங்கின அந்த நேரமெல்லாம் நான் வொர்க்‌ஷாப் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.